இடி விழுந்த நாலு நாள்

சம்பளச் சன்னலிலிருந்து திரும்பி வந்த மூக்கையா சம்பளச் சீட்டை வெள்ளையம்மாவின் கையில் வைத்துவிட்டு, பால்வெட்டுக் கத்தியை எடுத்து வாசலில் தீட்ட உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் வேலையே கிடையாது. இருபத்தெட்டு வருசம் இந்த மனுசனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா? வேலையில்லாத நாளுக்குக் கத்தி தீட்டினால் எதையோ நெஞ்சுக்குள் போட்டு அமுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"என்னாங்க?"

"சீட்டப் பாரு."

"பாக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு ஒங்களக் கேக்குறேன்? வாயத் தெறந்து சொல்லுங்க."

"நாலு பேர் இல்ல."

ஊத்துக்கல் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, மலைக்குப் போய், வேலையை முடித்துவிட்டு வந்தால் செக்ரோல் பதிவேட்டில் அந்த ஆளுக்கு ஒரு பேர் விழும். மாசக் கடைசியில் பேரை எண்ணித்தான் சம்பளம். நாலு பேர் இல்லையென்றால், நாலு நாள் விடியக் கருக்கலில் எழுந்து, அட்டைக் கடியோடு முன்னூறு ரப்பர் மரம் வெட்டிப் பால் சுமந்தது எல்லாம் காற்றோடு போயிற்று என்று பொருள். அதுவும் ஐப்பசிச் சம்பளத்தில். தீபாவளிக்கு ஐந்து நாள்கூட இல்லை.

"ஒங்களுக்கு மட்டுமா?"

"ரப்பர் மலை ஆளுங்க நாப்பத்து மூணு பேத்துக்கும் இதே கததான். தேயிலக் கொழுந்து மலைக்கு ஒண்ணுமில்ல."

"எந்தக் கட்டையில போறவன் வெட்டுனான்?"

மூக்கையா கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். தலையை நிமிர்த்தவில்லை. "செக்ரோல் அடிக்கிறது யாருன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாமல் என்ன. செக்ரோலைக் கம்பியூட்டரில் அடிப்பது அவர்கள் பெற்ற மகள் விஜயகலா.

அந்த ஆபீசுக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை ஒன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, கரவனெல்லையில் ஷிராஸ் என்பவர் நடத்தும் கம்பியூட்டர் கடையில் எட்டு மாசம் படித்தாள். புளத்கொகுபிட்டியிலிருந்து காலை ஐந்தரை பஸ்ஸில் போய், மத்தியான வெயிலில் திரும்பி நடந்து வந்து படித்த படிப்பு. ஆவணி மாசம் ஆபீசில் இடம் காலியானது. ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லித் தோட்டத் துரை எடுத்துக்கொண்டார். கடிதம் வந்த அன்று வெள்ளையம்மா லயத்தின் பத்துக் காம்பரா வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அதைத் தின்ற வாய்கள்தான் இப்போது லயத்து வாசலில் நின்று பேசத் தொடங்கியிருந்தன.

"நாற்காலி கெடச்சதும் நம்ம ஆளுகளையே கடிக்குதே பொட்டப்புள்ள!"

அது ஐந்தாம் காம்பரா செவனம்மா. செவனம்மா பேசினால் அடுத்த மலைக்கும் கேட்கும். வேண்டுமென்றே கேட்கட்டும் என்று பேசினால் கேட்கவே வேண்டாம்.

"எவ பேச்சு பேசுறவ? முன்னுக்கு வந்து பேசு!" வெள்ளையம்மா கொண்டையை முடிந்துகொண்டே எழுந்தாள்.

"வெள்ள, உள்ள வா," என்றார் மூக்கையா.

"அவ எம்புள்ளய..."

"அவ புருசனுக்கும் நாலு பேர் போயிருக்கு. வயித்தெரிச்சல்ல பேசுறா. உள்ள வா."

விஜயகலா ஆறு மணிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் வரும்போது லயத்துப் பேச்சு சட்டென்று நின்றது, அதுவே பேசியதைவிட மோசமாக இருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளையம்மா அழவிட்டாள். அப்புறம் தேத்தண்ணியும் ரொட்டியும் கட்டசம்பலும் முன்னால் வைத்தாள். எதுவாக இருந்தாலும் தின்றுவிட்டுச் சொல்லட்டும் என்பது அவள் கொள்கை.

"அடிச்சியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"அடிச்சேம்மா. சத்தியமா அடிச்சேன். கணக்கப்பிள்ள கையேட்டுல நாப்பத்து மூணு பேர் இருந்துச்சுன்னா நாப்பத்து மூணும் அடிச்சேன். அடிச்சு முடிச்சு, சேவ் பண்ணிட்டுத்தான் எந்திரிப்பேன். நாப்பத்து மூணுன்னு அதுவே காட்டும். இப்ப தொறந்து பாத்தா நாலு நாளு வெறுமனே கெடக்கு. எட்டு, பதிமூணு, பதினாலு, இருபத்தொண்ணு."

"அப்ப வேற எவனாச்சும் அழிச்சிருப்பான்."

"யாரு அழிப்பா? எதுக்கு அழிப்பா? நானும் அதத்தான் கேட்டேன். பெரிய கிளாக்கர் சேர் என்னா சொன்னாருன்னு தெரியுமா? 'கம்பியூட்டர் பொய் சொல்லுமா? அதுல பேர் இல்லாட்டி நீ அடிக்கல்ல எண்டுதான் அர்த்தம். சின்னப் புள்ள, மறந்து போயிருப்பாய், ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளு'ன்னாரு. நான் ஏம்மா மன்னிப்புக் கேக்கணும்?"

பெரிய கிளாக்கர் அப்துல் ரஸாக்கைக் கெட்ட மனுசன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்திரண்டு வருசமாக ஒரு சதம் பிசகாமல் கணக்கு எழுதியவர். அந்தப் பெருமைதான் அவருடைய நோய். தன் ஆபீசில் பிழை நடந்தது என்றால் அது நேற்று வந்தவள் செய்ததாகத்தான் இருக்கவேண்டும். வேறு எப்படியும் இருக்கலாம் என்று அவர் கனவிலும் நினைக்கமாட்டார்.

"திங்கக்கெழம நாலு மணிக்குத் தொர விசாரிக்கிறாராம். அதுவரைக்கும் ஆபீசுக்கு வரவேணாமாம். நான் அடிக்கலன்னு முடிவானா வேல போயிரும். ஆளுங்களோட நாலு நாள் காசும் அடுத்த மாசந்தானாம்."

"தீவாளி?"

விஜயகலா ரொட்டியைத் தள்ளி வைத்தாள்.

மூக்கையா வாசலிலிருந்து கேட்டார். "கலா, நீ அடிச்சேன்னு சொல்ற. நான் நம்புறேன். திங்கக்கெழம தொர நம்பணுமே, அதுக்கு என்னா வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லப்பா."

அன்றைக்கு அந்தக் காம்பராவில் ரொட்டி மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் தூறல். புளத்கொகுபிட்டிப் பக்கத்தில் வழக்கமாக அந்த மாசத்தில் அப்படி இருக்காது. காலையில் நல்ல வெயில் அடிக்கும், மத்தியானம் மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும், மூன்று மணிக்கு இடி இடிக்க ஆரம்பிக்கும். சும்மா இடியல்ல. லயத்துத் தகரமெல்லாம் அதிரும். முதல் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு காம்பராவிலும் டீவீ வயரைப் பிடுங்கி எறிவார்கள். அன்றைக்கு என்னவோ இடியில்லாமல் தூறலோடு நின்றது.

மத்தியானம் தூறல் விட்டதும் வெள்ளையம்மா அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு பீலிக்குப் போனாள். மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர். பொம்பளைகள் குளிக்கச் சுற்றிலும் தகரத் தடுப்பு அடித்திருக்கும். ஒரு ஆள் குளிக்கத்தான் இடம். கதவெல்லாம் கிடையாது. உள்ளே போகிறவள் எதையாவது ஒரு துணியைத் தகரத்தின் மேல் போட்டுவிட்டுப் போகவேண்டும். துணி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. குளித்து முடித்து வரும்போது துணியை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அந்த லயம் கட்டிய காலத்திலிருந்து இதுதான் முறை.

வெள்ளையம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தகரத்தில் போட்டாள். துணியெல்லாம் சோப்புப் போட்டு, அடித்து, அலசி, வெள்ளை வெளேரென்று கல்லின் மேல் அடுக்கிவைத்தாள். அப்புறந்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கண்ணெல்லாம் சவர்க்கார நுரையாக நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தடதடவென்று யாரோ உள்ளே வந்து, ஒரு வாளி அழுக்குத் துணியை அந்தக் கல்லின் மேலேயே கொட்டினார்கள்.

"அடியே! எவ அவ!"

செவனம்மா.

"அய்யோ, ஆளு இருக்கா? நான் பாக்கலியே!"

"பாக்கலியா? படங்கு தொங்குதே, கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"படங்கத்தான் நானே எடுத்துக் கீழ போட்டேன். நேத்துப் பூரா இதே மாதிரி ஒரு படங்கு தொங்குச்சு. உள்ள ஆளே இல்ல. எவளோ மறந்துட்டுப் போயிட்டா. நான் அர மணி நேரம் காத்து நின்னு ஏமாந்தேன். இன்னைக்கும் அதே படங்குதான்னு நெனச்சேன்."

"நெனச்சா? உள்ள யாருன்னு ஒரு கொரல் குடுக்கக்கூடாதா? அலசி வச்சது பூராவும் போச்சே! நான் இவ்வளவு நேரம் செஞ்ச வேலைக்கு மேல ஒன் அழுக்கக் கொட்டிட்டியேடி!"

"ஒங்க மக நாப்பத்து மூணு ஆளு வேலைய அழிச்சுட்டா. நான் நாலு துணிய அழிச்சதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க!"

அதற்குப்பிறகு அங்கே பேசியதை எழுதினால் அச்சுக்காரர் கோபித்துக்கொள்வார். தண்ணீர் பிடிக்க வந்த நாலு பேர் பிடித்து விலக்கிவிட்டார்கள் என்பதோடு விட்டுவிடுவோம்.

ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்த வெள்ளையம்மா வாளியைத் தடாலென்று வைத்துவிட்டு, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். சொன்னதையே திரும்பவும் சொன்னாள். "நேத்துத் தொங்குன படங்குன்னு நெனச்சாளாம்! நெனச்சா எடுத்துப் போட்டுருவியா? உள்ள நான் நிக்கிறேன், எனக்கும் தெரியல. அவ வர்றா, அவளுக்கும் தெரியல. கடசியில யாரு வேல போச்சு? என் வேலதான் போச்சு!"

மூலையில் சுருண்டு படுத்திருந்த விஜயகலா எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, என்னா சொன்ன?"

"நீ ஒருத்தி! ஊர் பூராக் கேட்டிருக்கும், ஒனக்குக் கேக்கலியா?"

"இல்லம்மா, திருப்பிச் சொல்லு. நேத்துத் தொங்குனதுன்னு நெனச்சு எடுத்துப் போட்டாங்க. உள்ள நீ இருந்த. அப்பறம்?"

"அப்பறம் என்னா, என் வேலைக்கு மேல அவ அழுக்கக் கொட்டுனா."

விஜயகலா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். "அய்யோ கடவுளே," என்றாள். பிறகு சிரித்தாள். நேற்றிலிருந்து சோறு இறங்காத பிள்ளை திடீரென்று சிரித்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? வெள்ளையம்மா பதறிப்போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லம்மா. அப்பா! இங்க வாங்க. போன மாசம் எந்தெந்த நாளு சாயந்தரம் இடி இடிச்சுச்சு, சொல்லுங்க."

ரப்பர் வெட்டுகிறவனிடம் மழையைப் பற்றிக் கேட்டால் போதும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கட்டிய பாலும் தண்ணியாகும். அவனுடைய மாசம் பூராவும் வானத்தில்தான் எழுதியிருக்கும். மூக்கையா விரலை மடக்கினார்.

"எட்டாந் தேதி வெள்ளிக்கெழம. கோயிலடித் தென்னையில விழுந்த அன்னைக்கு. பதிமூணு, பதினாலு ரெண்டு நாளும் விடாம இடிச்சுது. பத்தொம்பது. இருபத்தொண்ணு, அன்னைக்குத்தான் மாட்டுப் பட்டியில ஓடு ஒடஞ்சுது. அப்பறம் இருபத்தஞ்சு. மத்த நாளெல்லாம் சும்மா மழதான்."

"எட்டு, பதிமூணு, பதினாலு, இருபத்தொண்ணு!" என்றாள் விஜயகலா. "பேர் போன நாலு நாளும் இடி விழுந்த நாளுப்பா!"

"இடிதான் பேரத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சா?" என்றாள் வெள்ளையம்மா.

"இருங்க, சொல்றேன். ஆபீசுல மூணு கம்பியூட்டர் இருக்கு. பைல் ஒண்ணுதான். நம்ம பீலி மாதிரி. ரப்பர் செக்ரோல் பைல நான் தொறந்தேன்னா கம்பியூட்டர் ஒரு துணியத் தொங்கப்போடும், பூட்டு, லொக்குன்னு சொல்லுவாங்க. சேர் அவரோட அறையிலருந்து அதே பைலத் தொறந்தா, உள்ள ஆள் இருக்கு, நில்லுங்கன்னு சொல்லும். நான் வேலைய முடிச்சு மூடுனா துணியும் போயிரும். சரியா?"

"சரி."

"சாயந்தரம் இடி இடிச்சதும் என்னா செய்வோம்? ரெண்டு வருசத்துக்கு முன்ன மின்னல்ல ஒரு கம்பியூட்டர் எரிஞ்சு போச்சு. அதுலருந்து, மொத சத்தத்துக்கே வயரப் புடுங்கணுங்கிறது சேரோட கட்டள. பைல மூட எங்க நேரம்? புடுங்குனா துணி அங்கயே தொங்கும், உள்ள ஆளில்லாம. அடுத்த நாள் காலையில யாராலயும் தொறக்க ஏலாது. அதனால, காலையில வந்ததும் அந்த லொக்க அழிச்சுட்டு வேலையத் தொடங்குன்னு சேரே எனக்குச் சொல்லித் தந்தாரு. நான் ஏழரைக்கே போயிருவேன். பழைய லொக்க அழிச்சுட்டுத் தொறந்து, முந்தின நாள் பேர அடிப்பேன். இப்ப தொங்குறது என்னோட துணி. சேர் பெரட்டுக்களத்துலருந்து ஒம்பது மணிக்கு வருவாரு. அரிசி, முற்பணம் எல்லாம் அடிக்க அதே பைலத் தொறப்பாரு. உள்ள ஆள் இருக்குன்னு சொல்லும். மத்த நாள்னா நான் முடிக்கிற வரைக்கும் நிப்பாரு. இடி இடிச்ச மறுநாள் சேர் என்னா நெனப்பாரு?"

"நேத்து இடியில மறந்த படங்குன்னு நெனப்பாரு," என்றாள் வெள்ளையம்மா மெதுவாக.

"எடுத்துப் போட்டுட்டு உள்ள வருவாரு. ரெண்டு பேரும் உள்ள. ஒருத்தர ஒருத்தருக்குத் தெரியாது. அவரு தொறந்தது நான் சேவ் பண்றதுக்கு முந்தின பழைய பிரதி. நான் பத்து மணிக்கு சேவ் பண்ணுவேன், நாப்பத்து மூணும் காட்டும். அவரு பன்னெண்டு மணிக்கு சேவ் பண்ணுவாரு. அவரோட பழசு என்னோட புதுசுக்கு மேல போய் விழும்."

"செவனம்மாவோட அழுக்குத் துணி!" வெள்ளையம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

மூக்கையா மட்டும் அவசரப்படவில்லை. "இடி ஆறு நாளு விழுந்துச்சு. பேர் போனது நாலு நாளுதானே. பத்தொம்பதும் இருபத்தஞ்சும் ஏன் போகல?"

விஜயகலா யோசித்தாள். முகம் மறுபடி இருண்டது. விரலை விட்டு எண்ணினாள். "இருபதாந் தேதி காலையிலயும் இருபத்தாறாந் தேதி காலையிலயும்... அப்பா! ரெண்டு நாளும் சேர் கேகாலைக்கு பேங்குக்குப் போயிட்டாரு! ஆபீசுக்கே வரல!"

மூக்கையா கத்தியை உறைக்குள் போட்டார். "அப்ப சரி," என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பெரிய சொல்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு ரப்பர் மலை ஆட்கள் நாற்பத்து மூன்று பேரும், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் ஆபீஸ் முற்றத்தில் கூடிவிட்டார்கள். வெள்ளையம்மா யாரையும் கேட்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கம்பியைச் செவனம்மா பிடித்திருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளே துரை உட்கார்ந்திருந்தார். சிங்களவர், நாற்பது வயது இருக்கும், தோட்டத் தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். பக்கத்தில் ரஸாக் சேர். எதிரில் சங்கத் தலைவர் பிரதீபன். நடுவில் விஜயகலா, அப்பாவின் கல்யாண வேட்டிக் கரையைப் போல ஒரு மெல்லிய பச்சைக் கரை வைத்த சேலையில்.

"என்னா சொல்றது நீ?" என்றார் துரை. "பேர் அடிச்சதா, இல்லையா?"

"அடிச்சேன் சேர். வாயால சொன்னா நம்பமாட்டீங்க. செஞ்சு காட்டவா? அஞ்சு நிமிசம் குடுங்க."

ரஸாக் சேருக்குச் சிரிப்பு வந்தது. "செஞ்சு காட்ட இது என்ன சேர்க்கஸா, மகள்?"

"காட்டட்டும் ரஸாக்," என்றார் துரை.

விஜயகலா ரப்பர் செக்ரோலைப் போலவே வெறும் பைல் ஒன்றை உண்டாக்கினாள். தன் மேசையில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். "சேர், நீங்க ஒங்க அறையில போய் இதே பைலத் தொறந்து ஒரு ஆளுக்கு அரிசி முற்பணம் அடிங்க. காலையில எப்பிடிச் செய்வீங்களோ அப்பிடியே. நான் இங்க பேர் அடிக்கிறேன்."

ரஸாக் சேர் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். துரை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார், தலைவரும் நின்றார்.  வெள்ளையம்மா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். பிள்ளையார் அப்பா, இந்தாள் மட்டும் இன்றைக்குப் பார்த்து யோசித்துச் செய்துவிடக் கூடாது. மனுசன் புத்திசாலி. ஒரு கணம் கையை நிறுத்தி, உள்ளே யார் என்று கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

ரஸாக் சேர் பைலைத் திறந்தார். திரையில் எழுத்து வந்தது. 'ச்சு' என்று நாக்கைத் தட்டினார். "இது எப்பயும் இப்பிடித்தான் சேர், இடிக்குப் பொறகு லொக் நிண்டுடும்," என்று துரையிடம் சொல்லிக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டி அதை அழித்தார். பைல் திறந்துகொண்டது. இன்றைக்கும் நேற்றும் இடியே இடிக்கவில்லை என்பதோ, அந்தப் பைல் பிறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதோ, உள்ளே அந்தப் பிள்ளை இருக்கிறாள் என்பதோ அவருக்கு நினைவே வரவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

வெள்ளையம்மா கம்பியை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விஜயகலா பேர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லியபடி அடித்தாள். மூக்கையா. செவனம்மாவின் புருசன். பிரதீபன். நாற்பத்து மூன்றும் அடித்தாள். சேவ் பண்ணினாள். "வந்து பாருங்க சேர்." துரை வந்து பார்த்தார். நாற்பத்து மூன்று என்று திரையில் நின்றது. தலைவரும் பார்த்தார். சன்னலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் உரக்கச் சொன்னார்.

"இப்ப சேர், நீங்க சேவ் பண்ணுங்க."

ரஸாக் சேர் ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்ப மூடிட்டுத் தொறந்து பாருங்க. எத்தன பேர்?"

 துரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"மொகத மே?" என்றார், என்ன இது என்று தன் பாஷையில். "ஒண்ணும் இல்லையே! நான் பாத்தது, நாப்பத்து மூணு இருந்தது!"

"எட்டாந் தேதியும் இருந்துச்சு சேர்," என்றாள் விஜயகலா. "பதிமூணாந் தேதியும் இருந்துச்சு."  லொக் என்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்பதையும், இடி விழுந்த ஆறு நாளையும், பேர் போன நாலு நாளையும், கேகாலைக்குப் போன இரண்டு நாளையும் வரிசையாகச் சொன்னாள். கேகாலைத் தேதியைத் துரையே பேங்குப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டார்.

வெளியே யாரோ கேட்டார்கள், என்னதான் நடந்தது, புரியவில்லையே என்று. செவனம்மா திரும்பி, முற்றம் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னாள். "இன்னம் புரியலியா? உள்ள புள்ள குளிச்சுக்கிட்டு இருக்கு, இவரு படங்க எடுத்துப் போட்டுட்டு அழுக்குத் துணியோட உள்ள போயிட்டாரு! நேத்து நான் செஞ்ச கூத்தத்தான் இவரு ஒரு மாசமாச் செஞ்சிருக்காரு!"

முற்றம் குலுங்கிச் சிரித்தது. துரை அர்த்தம் விளங்காமல் தலைவரைப் பார்த்தார். தலைவர் சிங்களத்தில் சொல்ல, துரையும் சிரித்துவிட்டார்.

ரஸாக் சேர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்தார்.  "சேர், இது எண்ட கையால நடந்தது," என்றார். "இந்தப் புள்ள மேல ஒரு பிழையும் இல்ல. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டேன். சம்பளப் புத்தகத்த எடுங்க, நானே இண்டைக்கு இருந்து போட்டுக் குடுக்கிறன்." இருபத்திரண்டு வருசப் பெருமையை இப்படி நாலு வார்த்தையில் இறக்கிவைக்கவும் ஒரு தைரியம் வேண்டும். வெள்ளையம்மாவே ஒரு நிமிடம் அவருக்காக இரக்கப்பட்டாள். ஒரு நிமிடம்தான்.

சம்பளச் சன்னல் திறந்தது. கணக்கப்பிள்ளையின் கையேட்டைப் பார்த்து ரஸாக் சேர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார், பெரட்டுக்களத்தில் கூப்பிடுவதைப் போல. ஒவ்வொரு ஆளும் "இருக்கேன்" என்று முன்னுக்கு வந்து நாலு நாள் காசை வாங்கிக்கொண்டு போனார். காசை வாங்கிய ஒவ்வொருவரும் மூக்கையாவுக்கு முன்னால் வந்து நின்று ஏதாவது சொல்லிவிட்டுப் போனார். மனுசனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்திருக்கும்.

செவனம்மா வெள்ளையம்மாவிடம் வந்தாள். "நேத்து நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது அக்கா."

"போடி. நீ மட்டும் நேத்து அந்தப் படங்க எடுக்கலன்னா இன்னைக்கு எம்புள்ள வீட்டுல குந்தியிருப்பா." சொல்லிவிட்டு வெள்ளையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா எந்துணிய மறுபடி தொவச்சது நாந்தான், ஞாபகம் வச்சுக்க."

துரை அன்றே ஒரு கட்டளை போட்டார். இனிமேல் லொக்கை யாரும் அழிக்கக் கூடாது. அழிக்கவேண்டி வந்தால் செக்ரோல் பொறுப்பாளரைக் கேட்டுத்தான் அழிக்கவேண்டும். செக்ரோல் பொறுப்பாளர் விஜயகலா. மாசியில் வரவேண்டிய நிரந்தரக் கடிதத்தை அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெள்ளையம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. வீடு போய்ச் சேரும் வரைக்கும் நாலு பேரை நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலைக் கொழுந்தை நிறுக்க, பொம்பளைகள் கூடையோடு மடுவத்துக்கு இறங்கி வந்தார்கள். மடுவம் ஆபீசுக்கு நேர் எதிரில். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஆபீஸ் சன்னல் திறந்து கிடந்தது. கண்ணாடி அறையிலிருந்து ரஸாக் சேரின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"விஜயகலா மிஸ்! உள்ளுக்கு நீங்களா இருக்கிறது?"

"ஆமா சேர், நாந்தான்."

"நான் வரலாமா?"

"இன்னம் பதினேழு பேர் இருக்கு சேர். முடிச்சிட்டுக் கூப்பிடுறேன். கொஞ்சம் வெளியிலயே நில்லுங்க."

நிறுவைத் தராசுக்கு முன்னால் நின்ற கொழுந்து வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தி வாயில் வெற்றிலையோடு சிரித்து, பக்கத்திலிருந்தவளின் கூடையில் துப்பிவிட்டாள். கணக்கப்பிள்ளை அதட்டினார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் வெள்ளையம்மாவையே பார்த்தார்கள்.

வெள்ளையம்மா கூடையைத் தராசில் தூக்கி வைத்தாள். "அவசரமில்ல கணக்கப்பிள்ள, மெதுவா நிறுங்க," என்றாள். "பெரிய கிளாக்கரே காத்துக்கிட்டு நிக்கிறாரு, நமக்கு என்னா."